ஒரு வாளி வெந்நீரும் மூன்று தீர்ப்புகளும்

மார்கழி மாதத்தில் வைகை அணைப் பகுதியின் விடியற்காலை எப்படியிருக்கும் என்பதை இங்கு வாழ்பவர்கள் நன்கு அறிவார்கள். தென்மேற்கே மேகமலைப் பக்கத்திலிருந்து குளிர்காற்று இறங்குகிறது. மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் கிடந்த நீரில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 22 டிகிரி செல்சியஸ் காட்டியது. கோடையில் வெந்நீரை நினைத்தும் பாராத வீடுகளில்கூட இந்த இரண்டு மாதங்களுக்குக் கீசர் இல்லாமல் பொழுது விடிவதில்லை.

அத்தகைய நாட்களில்தான் எங்கள் வீட்டுக் கீசர் தகராறு செய்யத் தொடங்கியது. 25 லிட்டர் கொள்ளளவும் 2 கிலோவாட் திறனும் உடைய சாதாரணக் கருவி அது. முன்பெல்லாம் அம்மா குளித்து முடித்த பிறகு பிள்ளைக்கும் போதிய வெந்நீர் தந்தது. இப்போதோ ஒரு வாளி நிரம்பியதும் வெதுவெதுப்பாகிவிடுகிறது. எழுபது வயதைக் கடந்த, மூட்டுவலி உள்ள அம்மா, "எனக்குப் பச்சைத் தண்ணியே போதும்ப்பா, பிள்ளைக்கு விட்டுரு" என்று சொல்லிவிட்டார். வெந்நீர் போதவில்லை என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் குறையை வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்று பார்த்தால் அது அவ்வளவு சிறியது அன்று.

இந்த ஒரு குறைக்கு எனக்கு மூன்று தீர்ப்புகள் கிடைத்தன. பழுது பார்க்க வந்த முதல் மெக்கானிக், "உள்ளே உப்பு அடைச்சிருச்சு" என்றார். இரண்டாமவர், "தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டு நேரா கொடுத்துரலாம்" என்றார். கடைக்காரர், "பழசைப் போட்டுட்டு அஞ்சு ஸ்டார்ல பெரிசா ஒண்ணு எடுத்துருங்க சார்" என்றார். மூவரும் உறுதியாகத்தான் பேசினார்கள். ஆனால் மூவரில் ஒருவரும் ஒரு வெப்பமானியை எடுக்கவில்லை. வாளியில் எத்தனை லிட்டர் விழுந்தது என்று அளக்கவுமில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. கல்லூரியில் பத்து ஆண்டுகளாக வெப்பவியல் பாடம் நடத்தும் நானும் அளக்காமல்தான் நின்றுகொண்டிருந்தேன். பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படவும் இருந்தேன். ஆகவே அந்த மூன்று தீர்ப்புகளையும் இயற்பியலின் துணைகொண்டு ஒவ்வொன்றாகச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

முதல் தீர்ப்பு: உப்பு அடைத்துவிட்டது

முதல் மெக்கானிக் தம் தீர்ப்புக்கு அழகான உவமை ஒன்றையும் சொன்னார்: "நம்ம டேமுல வண்டல் படிஞ்ச மாதிரிதான் சார். பேருக்குத்தான் 25 லிட்டரு. இப்ப 10 லிட்டர்கூடப் பிடிக்காது." வைகை அணையின் அருகில் வாழ்பவர்களுக்கு இந்த உவமை உடனே மனத்தில் பதியும். 1959-இல் திறக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 71 அடி. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆற்று வெள்ளத்தோடு வந்த வண்டல் படிந்து அதன் கொள்ளளவு குறைந்திருப்பதும், தூர்வார வேண்டும் என்று உழவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதும் உண்மை. ஆனால் உவமை அழகாக இருப்பதால் அது சரியாகவும் இருக்கவேண்டும் என்பதில்லை.

கீசருக்குள் படிவது எது? ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. நீரைச் சூடாக்கும்போது அது சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பற்றிக்கொள்வதும் இதுவே. நாம் உப்பு என்று சொன்னாலும் உண்மையில் இது சுண்ணாம்புக்கல்தான்.

எங்கள் கீசரைக் கழற்றிக் கழுவியபோது வெளிவந்த படிவை உலர்த்தி ஆய்வகத் தராசில் எடை போட்டேன். ஏறக்குறைய 400 கிராம் இருந்தது. கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். எனவே 400 கிராம் படிவு அடைத்துக்கொள்ளும் இடம் சுமார் 150 கன சென்டிமீட்டர் மட்டுமே. இடையிடையே துளைகள் இருப்பதாகக் கொண்டு இரண்டு மூன்று மடங்காக்கினாலும் அரை லிட்டரைத் தாண்டாது. 25 லிட்டரில் அரை லிட்டர் போனால் நூற்றுக்கு இரண்டு பங்குதான் போயிற்று. 15 லிட்டர் இடத்தை அடைக்க வேண்டுமானால் கீசருக்குள் பல பத்துக் கிலோ கல் இருக்க வேண்டும். அவ்வளவு எடை ஏறினால் அது மாட்டியிருக்கும் ஆணியும் சுவரும் என்னாவது!

இந்த உவமையில் இதைவிட அடிப்படையான தவறு ஒன்றும் உண்டு. அணையில் மதகைத் திறந்தால் நீர்மட்டம் இறங்கும். இருந்த நீர் குறையும். கீசரில் குழாயைத் திறந்தால் நீர் குறைவதே இல்லை. மேல்தொட்டியிலிருந்து குளிர்ந்த நீர் கலத்தின் அடிப்பக்கமாக உள்ளே நுழைகிறது. அது மேலே உள்ள வெந்நீரைத் தள்ளி வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஒரு லிட்டர் உள்ளே போயிருக்கும். கீசர் எப்போதும் முழுக் கொள்ளளவில்தான் இருக்கிறது. அணையில் குறைவது நீர். கீசரில் குறைவது வெப்பம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படிவு இருந்தால் நீர் சூடாக அதிக நேரமாகும், மின்சாரம் வீணாகும் என்று பலர் சொல்வதையும் இங்கே சோதிக்கலாம். அடுப்பின் மேல் வைத்த பாத்திரத்துக்கு அது பொருந்தும். அங்கே தப்பிய வெப்பம் காற்றில் போய்விடும். கீசரின் சூடேற்றும் சுருளோ நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதில் 2,000 வாட் வெப்பம் பிறந்தால் அது நீருக்குள்தான் போயாக வேண்டும். படிவு அதன் வழியில் ஒரு போர்வையாக நிற்பதால் சுருளின் சூடு மிகவும் ஏறி அதன் ஆயுள் குறைகிறது. மேலும், வெப்பநிலையை உணரும் தெர்மோஸ்டாட் குழலும் சுருளின் பக்கத்திலேயே இருப்பதால், படிவு மண்டிய இடத்தின் சூட்டை முழு நீரின் சூடாக எண்ணி அது முன்னதாகவே மின்சாரத்தைத் துண்டித்துவிடலாம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை படிவை நீக்குவது நல்லது. ஆனால் அதற்குக் காரணம் கொள்ளளவு அன்று.

எங்கள் வீட்டில் படிவை நீக்கிய பிறகும் வெந்நீர் ஒரு வாளிக்குமேல் வரவில்லை.

இரண்டாம் தீர்ப்பு: தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுவோம்

இந்த யோசனையை நான் வன்மையாகக் கண்டிக்க விரும்புகிறேன். இது பல வீடுகளில் சத்தமின்றி நடக்கிறது. "தண்ணி நல்லாக் கொதிக்குது" என்று வீட்டாரும் மகிழ்ந்துபோகிறார்கள்.

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. ஒன்று தவறினாலும் மற்றொன்று கரையோர மக்களைக் காக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். கீசரிலும் இப்படி மூன்று காவல்கள் உண்டு. குறித்த சூட்டில் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது பழுதானால் சற்று உயர்ந்த சூட்டில் துண்டிப்பது வெப்பத் துண்டிப்பான். அதுவும் பழுதானால் மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வு. "நேராகக் கொடுப்பது" என்றால் முதல் இரண்டு காவல்களையும் ஒரே கம்பியால் நீக்கிவிடுவது. மூன்றாவதான வால்வோ, கடின நீர் உள்ள ஊரில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போயிருக்கக் கூடும்.

பிறகு என்ன நடக்கும்? சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 58 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் நீர் 2 கிலோவாட் சுருளால் அடுத்த 37 நிமிடங்களில் 100 டிகிரியைத் தொடும். மூடிய கலமாதலால் அது கொதித்து வெளியேற வழியில்லை. சூடு மேலும் ஏறும். 150 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த நிலையில் துருப்பிடித்த கலம் எங்கேனும் பிளந்தால், அழுத்தம் சட்டென்று இறங்கி, சுமார் 2 கிலோ நீர் கணப்பொழுதில் ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். ஒரு சிறிய குளியலறையில் 3,000 லிட்டருக்கு மேற்பட்ட நீராவி ஒரே நொடியில் விரிவதை எண்ணிப் பாருங்கள்.

ஒரு வாளி வெந்நீர் குறைவதற்கு இது மருந்தாகாது. தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதிய தெர்மோஸ்டாட்டைப் போட வேண்டும். காவலே இல்லாமல் விடலாகாது. அந்த மெக்கானிக்கிடம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் தீர்ப்பு: மாற்றிவிடுங்கள்

கடைக்காரரின் யோசனை ஆபத்தில்லாதது. ஆனால் விலை உயர்ந்தது. புதிய கீசரின் மேல் ஒட்டியுள்ள வில்லையில் இரண்டு செய்திகள் கண்ணில் படுகின்றன. ஒன்று லிட்டர், மற்றொன்று நட்சத்திரங்கள். நமக்கு எத்தனை வாளி குளிக்கும் நீர் கிடைக்கும் என்பதை இவ்விரண்டும் சொல்வதில்லை என்பதே என் விமர்சனம்.

லிட்டர் என்பது கலத்தின் கொள்ளளவு, அவ்வளவுதான். நட்சத்திரங்களை மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வகுத்துள்ளது. அவை கீசரின் வெப்பக் காப்பை அளப்பவை. சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரி அதிகச் சூட்டில் நீரை 24 மணி நேரம் வைத்திருந்தால் எத்தனை யூனிட் வெப்பம் கசிந்து வீணாகிறது என்பதே அந்த அளவு. கசிவு குறைந்தால் நட்சத்திரம் கூடும். நாள் முழுவதும் கீசரைப் போட்டே வைத்திருக்கும் இடங்களுக்கு இது மிகவும் பயனுள்ள தகவல். ஆனால் காலையில் அரைமணி நேரம் போட்டு உடனே குளித்துவிடும் நம் வீடுகளில் அந்தக் கசிவு மிகச் சொற்பம். வில்லை பொய் சொல்லவில்லை. அது சொல்லாத ஒன்றை அதன் பெயரால் விற்பதுதான் தவறு.

நமக்குத் தேவையான கணக்கு எளிது. குளிக்க ஏற்ற சூடு சுமார் 40 டிகிரி. 58 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டரை எடுத்து 22 டிகிரி பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரி நீர் எவ்வளவு கிடைக்கும்? வெந்நீர் 18 டிகிரி இறங்குகிறது. தண்ணீர் 18 டிகிரி ஏறுகிறது. ஆகவே சரிக்குச் சரி கலக்கலாம். ஒரு லிட்டர் இரண்டு லிட்டராகிறது. 25 லிட்டரும் 58 டிகிரியிலேயே வெளிவந்தால் 50 லிட்டர் குளிக்கும் நீர் கிடைக்க வேண்டும். நடைமுறையில் சற்றுக் கலப்பு ஏற்படும் என்று கழித்தாலும் 40 லிட்டருக்குக் குறையக் கூடாது.

இந்த 40 டிகிரிக் கணக்கு என் கற்பனை அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, சேமிப்புக் கீசர் தயாரிப்பவர்கள் 40 டிகிரிக் கலவை நீர் எத்தனை லிட்டர் கிடைக்கும் என்பதைத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவிலோ முதல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெந்நீர் தரும் என்ற அளவு வில்லையிலேயே அச்சிடப்படுகிறது. நம் நட்சத்திர வில்லையிலும் அப்படி ஒரு வரி சேர்ந்தால், கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

"இன்ஸ்டன்ட் வாங்கிக்கிட்டா தீர்ந்துபோற பேச்சே இல்லை" என்றும் கடையில் சொன்னார்கள். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 3 கிலோவாட் உடனடிக் கீசரில் நிமிடத்துக்கு 3 லிட்டர் நீர் பாய்ந்தால் அது 14 டிகிரிதான் சூடேறும். நம் 22 டிகிரி நீர் 36 டிகிரியாகும். குழாயை இன்னும் திறந்து 6 லிட்டர் விட்டால் 7 டிகிரிதான் ஏறும். வெந்நீர் தீராது என்பது உண்மையே. ஆனால் மார்கழியில் அது வெந்நீராகவும் இராது.

வாளியும் வெப்பமானியும்

இனி நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். தெர்மோஸ்டாட் தானே துண்டித்து விளக்கு அணையும்வரை கீசரைச் சூடாக்கினேன். பிறகு சுவிட்சை அணைத்தேன். குளிர்நீர் கலக்காமல் வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து, லிட்டர் குறியிட்ட வாளியில் நீரைப் பிடித்தேன். குழாயிலிருந்து விழும் நீரின் சூட்டை ஆய்வக வெப்பமானியால் குறித்துக்கொண்டேன்.

முதல் மக் நீர் 58 டிகிரி. 6 லிட்டர் வந்தபின் 50. 12 லிட்டர் வந்தபின் 44. 18 லிட்டர் வந்தபின் 39.

இந்த நான்கு எண்கள் மூன்று தீர்ப்புகளுக்கும் விடை சொல்லிவிட்டன. முதல் மக் 58 டிகிரி இருப்பதால் சுருளும் தெர்மோஸ்டாட்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. அப்படியானால் குறை சூடாக்குவதில் இல்லை. சூடான நீரை வெளியே எடுப்பதில் இருக்கிறது.

சரியான கீசரில் கனமான குளிர்நீர் கீழேயும் இலேசான வெந்நீர் மேலேயும் அடுக்கடுக்காக நிற்கும். வெளியேறும் குழாய் மேலடுக்கிலிருந்து நீரை எடுப்பதால், ஏறக்குறைய 20 லிட்டர்வரை சூடு அப்படியே இருந்து பிறகுதான் சட்டென்று இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் லிட்டரிலிருந்தே சீராக இறங்கியது. உள்ளே வரும் குளிர்நீர் வெந்நீரோடு முழுதும் கலந்துவிட்டால்தான் இப்படி நிகழும். முழுதும் கலக்கும் 25 லிட்டர் கலத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், 6 லிட்டருக்குப் பின் 50, 12 லிட்டருக்குப் பின் 44, 18 லிட்டருக்குப் பின் 39.5 டிகிரி என்று வருகிறது. வாளியும் தாளும் ஒரே விடையைச் சொன்னபோது, மாணவனாக இருந்த காலத்து மகிழ்ச்சி எனக்குத் திரும்பி வந்தது.

இந்தக் கலப்பினால் இழப்பு எவ்வளவு? நீர் 40 டிகிரிக்கு இறங்கும்வரை எடுத்தால், கலத்தில் சேர்ந்த வெப்பத்தில் பாதிதான் நமக்குக் கிடைக்கிறது. 50 லிட்டர் குளிக்கும் நீர் 25 லிட்டராகிறது. அதே கீசர், அதே மின்சாரம். ஆனால் பயன் பாதி. மீதிப் பாதி வெப்பம் கலத்துக்குள்ளேயே வெதுவெதுப்பாகக் கிடந்து ஆறிப்போகிறது.

கலப்புக்குக் காரணம் எது? கீசரின் அடியில் இரண்டு முனைகள் உண்டு. நீல வளையம் உள்ளது குளிர்நீர் நுழையும் முனை. சிவப்பு வளையம் உள்ளது வெந்நீர் வெளிவரும் முனை. சிவப்பு முனைக்குள் இருக்கும் குழாய் கலத்தின் உச்சிவரை நீண்டிருக்கும். கார்த்திகை மாதத்தில் குளியலறைச் சுவருக்கு ஓடு பதித்தபோது கீசரைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். அப்போது இரண்டு இணைப்புகளும் இடம் மாறிவிட்டன. குளிர்நீர் உச்சியில் கொட்டி வெந்நீரின் ஊடே கீழிறங்கிக் கலந்தது. நாங்கள் அடிப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

இணைப்புகளை இடம் மாற்றி, பாதுகாப்பு வால்வைக் குளிர்நீர் முனையில் சேர்க்க அரைமணி நேரம் ஆயிற்று. மறுநாள் அளந்தேன். முதல் மக் 58. 12 லிட்டருக்குப் பின் 57. 18 லிட்டருக்குப் பின் 53. இருபது லிட்டரைத் தாண்டிய பிறகுதான் சூடு சரசரவென்று இறங்கியது. புதிய கீசருக்கு வைத்திருந்த பணம் அப்படியே இருந்தது.

உங்கள் வீட்டுக் கீசர் எந்த வகை?

இந்தச் சோதனையை எவரும் செய்யலாம். ஆய்வக வெப்பமானி இல்லாவிட்டால் நீரின் சூட்டை அளக்கும் சாதாரண வெப்பமானி போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும். விடைகள் மூன்று வகைப்படும்.

முதல் வகையில் முதல் மக்கே போதிய சூடு இல்லாமலிருக்கும். குறை சூடாக்குவதில் உள்ளது. உடனே சுருளைச் சந்தேகிக்க வேண்டாம், மின்னழுத்தத்தைப் பாருங்கள். சுருளின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் சுருள் 190 வோல்ட்டில் 1,365 வாட்தான் தரும். 25 லிட்டர் நீரை 22 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்கு ஏற்ற 3,780 கிலோஜூல் வேண்டும். இது ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம். முழு மின்னழுத்தத்தில் இதற்கு 32 நிமிடம் ஆகும். 190 வோல்ட்டில் 46 நிமிடம் ஆகும். வழக்கம்போல் அரைமணியில் அணைத்துவிட்டால் நீர் 45 டிகிரிதான் இருக்கும். மின்கம்பி வரிசையின் கடைக்கோடியில் உள்ள வீடுகளில் இதுவே காரணமாக இருக்கக் கூடும். கால்மணி நேரம் முன்னதாகச் சுவிட்சைப் போடுவதே மருந்து. மின்னழுத்தம் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட்டையும் சுருளையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதற்கு முன், கீசருக்கு நீர் வரும் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். நீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்தால், கலப்புக் குழாயின் வழியாகக் குளிர்நீர் குறுக்கே புகுகிறது என்று பொருள்; அப்போது பழுது கீசரில் இல்லை.

இரண்டாம் வகையில் முதல் மக் நல்ல சூடாக இருந்து உடனே இறங்கத் தொடங்கும். எங்கள் வீட்டுக் கதை இதுவே. இணைப்புகள் மாறியிருக்கலாம், உச்சிவரை செல்லும் குழாய் துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்திருக்கலாம், குளிர்நீரைத் தடுத்துப் பரப்பும் தகடு கழன்றிருக்கலாம், பம்ப் வைத்து மிக வேகமாக நீரை இழுப்பதாலும் அடுக்குகள் கலையலாம்.

இந்த வகைக் குறை அமெரிக்காவில் ஒருமுறை நாடு தழுவிய வழக்காகவே மாறியது. 1990-களின் நடுவில் தயாரான லட்சக்கணக்கான கீசர்களில், குளிர்நீரை அடிக்குக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் குழாய் சூடு தாங்காமல் நொறுங்கியது. வெந்நீர் சீக்கிரம் தீர்ந்தது. குழாய்களில் வெள்ளைத் துணுக்குகள் அடைத்தன. அவற்றைச் சுண்ணாம்புப் படிவு என்றே பலர் எண்ணினார்கள். வினிகரில் போட்டுப் பார்த்தபோது உண்மை தெரிந்தது: சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், பிளாஸ்டிக் கரையாது. உங்கள் வீட்டுக் குழாயில் வெள்ளைத் துணுக்கு வந்தாலும் இதையே செய்து பாருங்கள்.

மூன்றாம் வகையில் முதல் மக்கும் சூடு. 20 லிட்டர்வரை சூடு நிற்கும். பிறகு சட்டென்று இறங்கும். இந்தக் கீசருக்கு ஒரு நோயும் இல்லை. குடும்பம் பெருகியிருக்கலாம், வாளிக்குப் பதிலாக ஷவர் வந்திருக்கலாம், அல்லது கோடையில் 28 டிகிரியாக வந்த தண்ணீர் இப்போது 22 டிகிரியாக வரலாம். தேவை உண்மையிலேயே கூடியிருந்தால், இந்த வகைக்குப் பெரிய கீசர் வாங்குவதில் பொருளுண்டு. ஒருவர் குளித்தபின் இருபது முப்பது நிமிடம் பொறுத்து அடுத்தவர் குளிக்க முடியுமானால் அதுவும் வேண்டியதில்லை.

மாற்றியே தீர வேண்டிய நிலைகளும் உண்டு. கலம் கசிந்தாலோ, வெந்நீரில் மட்டும் துருவின் நிறம் தொடர்ந்து வந்தாலோ பழுது பார்ப்பதில் பயனில்லை. குழாயைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் உணர்ந்தால் அந்தக் கணமே சுவிட்சை அணைத்துவிடுங்கள். நில இணைப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் சரிபார்க்கப்படும்வரை அதைத் தொடாதீர்கள். கீசரைத் திறந்து உள்ளே பார்க்கும் வேலையை மாணவர்கள் ஒருபோதும் செய்யக் கூடாது. வாளியும் வெப்பமானியும் மட்டுமே உங்கள் கருவிகள்.

இறுதியாக ஒரு குறையை என் பக்கமும் சொல்லிக்கொள்ள வேண்டும். நிறை, தன்வெப்பம், வெப்பநிலை உயர்வு ஆகியவற்றைப் பெருக்கினால் வெப்பம் என்ற சூத்திரத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். ஒரு செம்புக் கலோரிமானியில் சூடான ஈயக்குண்டைப் போடும் கணக்கை மாணவர்கள் பிழையின்றிப் போடுகிறார்கள். அந்தச் சூத்திரம் அவர்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் தொங்குகிறது என்று நான் ஒருமுறையும் சொன்னதில்லை. இவ்வாண்டு செய்முறை வகுப்பில் வாளிச் சோதனையையும் சேர்த்திருக்கிறேன். தங்கள் வீட்டு எண்களைக் குறித்து வரும் மாணவர்கள் அவற்றைத் தாளில் வரைபடமாக வரைந்து, மூன்று வகைகளில் எது என்று தாங்களே சொல்ல வேண்டும்.

அம்மா இப்போது மறுபடியும் வெந்நீரில்தான் குளிக்கிறார். "என்னப்பா, புதுசு வாங்கிட்டியா?" என்று கேட்டார். இல்லை, அளந்து பார்த்தேன் என்றேன்.